ஜெனிச்சிரோவிடம் 87 தோல்விகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் சிப்காட்டில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு குழாயின் கேஸ்கட் கசிந்தால்கூட அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் முதலில் பார்த்தார், ஏன் நடந்தது, அந்த ஏனுக்கு ஏன் என்று ஐந்து படி கீழே இறங்க வேண்டும். பதினாறு ஆண்டுகளாக இப்படி எழுதியதில், வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட மூலகாரணம் தேடுகிறேன் என்று மனைவி குறைப்படுகிறாள். 2024 நவம்பர் 9 முதல் டிசம்பர் 21 வரை ஒரு வீடியோ கேம் எதிரியிடம் 87 முறை செத்து, 88-ஆவது முறை வென்றேன். அதையும் அதே முறையில் எழுதி வைக்கிறேன். தொழிற்சாலை அறிக்கையில் தவறு செய்தவரின் பெயரைப் போட மாட்டோம். இங்கே அந்தச் சலுகை கிடையாது, ஆள் நான்தான்.

ஆட்டத்தின் பெயர் 'செகிரோ: ஷாடோஸ் டை ட்வைஸ்'. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடாகா மியாசாகியின் இயக்கத்தில் உருவானது. 2019 மார்ச் 22-இல் வெளிவந்தது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வானது. உள்நாட்டுப் போர்கள் ஓயும் காலத்து ஜப்பானில், அஷினா என்ற கற்பனை நாட்டில் கதை நடக்கிறது. நாம் 'ஓநாய்' என்று அழைக்கப்படும் நிஞ்சா. எளிது, நடுத்தரம், கடினம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இதில் இல்லை. துணைக்கு இன்னொருவரைக் கூப்பிடவும் முடியாது. அந்த நிறுவனத்தின் மற்ற ஆட்டங்களில் எதிரி பலமாக இருந்தால் வேறு எங்காவது சுற்றிச் சின்னச் சின்ன எதிரிகளை வெட்டி உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பலாம். இங்கே அந்த வாசலைக் கிட்டத்தட்ட அடைத்துவிட்டார்கள். நான்கு பிரார்த்தனை மணிகள் சேர்ந்தால்தான் உயிர்ப் பட்டை ஒரு படி நீளும். பெரிய எதிரியை வீழ்த்தினால்தான் வெட்டின் வலிமை ஒரு படி கூடும்.

ஜெனிச்சிரோ அஷினா கதையின் தொடக்கத்திலேயே வந்து நம் இடது கையை வெட்டிவிட்டுப் போகிறவன். அஷினா கோட்டையின் உச்சியில் அவனை மறுபடியும் சந்திக்க வேண்டும். அவனுக்கு மூன்று உயிர். முதல் இரண்டில் கவசம் அணிந்து வாளும் பெரிய வில்லுமாகச் சண்டையிடுவான். இரண்டையும் பறித்துவிட்டு, முடிந்தது என்று மூச்சு விடும்போது கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்து, மின்னலைக் கையில் பிடித்துக்கொண்டு வருவான்.

அவனிடம் போகும் முன் தீயெரியும் கொம்புகளோடு ஒரு காளை குறுக்கே வருகிறது. அதைப் பார்த்ததும் நம் பக்கத்து ஆளுக்கு வாலைப் பிடிக்கலாமா, திமிலைப் பிடிக்கலாமா என்றுதான் தோன்றும். இரண்டும் வேலைக்கு ஆகாது. செயற்கைக் கையில் பொருத்தும் பட்டாசை முகத்துக்கு நேரே கொளுத்தினால் காளை மிரண்டு நின்றுவிடுகிறது. இது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத செய்தி. ஆனால் நான் சீக்கிரமாக வென்ற ஒரே பெரிய எதிரி அதுதான் என்பதால் பதிவு செய்கிறேன்.

போரின் கணக்கு

செகிரோவில் எதிரிக்கு இரண்டு பட்டைகள். ஒன்று உயிர். இன்னொன்றை போஸ்சர் என்கிறார்கள். ஆள் எவ்வளவு தடுமாறியிருக்கிறான் என்று காட்டும் பட்டை அது. நாம் வெட்டும்போதும் அது ஏறும். அவன் வெட்டைச் சரியான நொடியில் தட்டித் திருப்பினாலும் ஏறும். அது நிரம்பிவிட்டால் உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மரண அடி கொடுத்துவிடலாம். சும்மா விட்டால் இறங்கிவிடும். அவன் உயிர் நிறைய இருக்கும்போது மளமளவென்று இறங்கும். உயிர் குறையக் குறைய மெதுவாக இறங்கும்.

இந்த ஒரு விதியிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. தொடக்கத்தில் நாலு வெட்டாவது உடம்பில் படவேண்டும்; பிறகு அவனை ஒட்டியே நிற்கவேண்டும். விலகி நின்று மூச்சு வாங்கினால், நமக்குக் கிடைக்கும் ஓய்வைவிட அவனுக்குக் கிடைக்கும் ஓய்வு அதிகம். இதை முதல் நாளே அக்கா மகன் எனக்குச் சொல்லிவிட்டான். புதுச்சேரியில் பொறியியல் படிக்கிறான். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவான். இந்த ஆட்டத்தை இரண்டு முறை முடித்தவன். "மாமா, பின்னால் போகாதீர்கள். அவ்வளவுதான் விஷயம்" என்றான். தெரியும் என்றேன். தெரிந்திருப்பதற்கும் கட்டைவிரல் அதைச் செய்வதற்கும் நடுவில் கெடிலம் ஆறு ஓடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

வெறும் தடுப்பால் நிறுத்த முடியாத தாக்குதல்களும் உண்டு. அவை வரும்போது ஒரு கூர்மையான ஒலியோடு திரையில் சிவப்பு எழுத்து ஒன்று மின்னும். ஜெனிச்சிரோவிடம் இதில் இரண்டு வகை முக்கியம். ஒன்று குத்து: வாளை நேராகப் பாய்ச்சுவான். அப்போது அவனை நோக்கியே அடியெடுத்து வைத்து வாளைக் காலால் மிதிக்க வேண்டும். இதற்கு மிகிரி என்று பெயர். மற்றொன்று கால் வீச்சு: தரையோடு சுழற்றி வெட்டுவான். அதற்கு எம்பிக் குதித்து அவன் தலையில் மிதிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. அவன் உயரத் தாவி ஓங்கி வெட்டிய பிறகு இந்த இரண்டில் ஒன்று வரும். எது என்பதை அவன் உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். குத்து என்றால் வாள் பின்னுக்குப் போய் முனை நம்மைப் பார்க்கும். வீச்சு என்றால் ஆள் தாழ்வான். மாற்றிச் செய்தால் குதித்த நம்மைக் காற்றிலேயே குத்துவான்.

முதல் 61

முதல் 23 சண்டைகளுக்குக் கணக்கு எதுவும் வைக்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கிய பிறகு, மடிக்கணினியைக் கூடத்து டிவியில் இணைத்து, கன்ட்ரோலரை எடுத்து உட்காருவேன். செத்தால் உடனே மறுபடியும். கோபம் வந்தால் இன்னும் வேகமாக மறுபடியும். ஒவ்வொரு சாவுக்கும் கையிலிருக்கும் காசில் பாதி போகிறது. நாம் அடிக்கடி சாவதால் ஊர்க்காரர்களுக்கு டிராகன் நோய் பரவி, கோயிலில் இருக்கும் சிற்பி லொக்கு லொக்கென்று இருமுகிறார். உள்ளே என் அம்மாவும் இருமுவார். ஒரு நள்ளிரவில் எந்த இருமல் எங்கிருந்து வருகிறது என்று குழம்பி எழுந்து போய்ப் பார்த்தேன். "அந்தப் பாத்திரக்கடையை மூடிவிட்டுப் படுடா" என்றார். வாளோடு வாள் மோதும் சத்தத்தைத்தான் சொன்னார். அன்றிலிருந்து டிவியின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

24-ஆவது சண்டையிலிருந்து பழைய ஷிஃப்ட் டைரி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். நவம்பர் 28 வரை 38 சாவுகள் பதிவாயின. சுரைக்குடுவையிலிருந்து மருந்து குடிக்கும்போது செத்தவை 11. குத்தில் 9. அவனுடைய நீண்ட சுழல் வெட்டில் 6. தூரத்தில் நிற்கும்போது அம்பில் 5. கால் வீச்சில் 4. இன்னதென்று சொல்ல முடியாதவை 3.

எழுதுவதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், சுழல் வெட்டுதான் என்னைக் கொல்கிறது என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பார்க்கவே பயமாக இருக்கும் தாக்குதல் அது. தறி ஓடுவதுபோல வெட்டு மேல் வெட்டாக விழும். ஆனால் பயம் அங்கே இருந்தது, சாவு வேறிடத்தில் இருந்தது. மருந்துக்கு 11, அம்புக்கு 5, மொத்தம் 16 முறை அவனிடமிருந்து விலகி நின்றபோது செத்திருக்கிறேன். விலகினால் வில்லை எடுப்பான். அல்லது ஒரே தாவலில் வந்து நிற்பான். குடுவையை வாயில் வைப்பவனுக்கு இரண்டுமே ஒன்றுதான்.

குத்தில் செத்த 9-ஐயும் தனியாகப் பார்த்தேன். மிகிரி திறனை எப்போதோ வாங்கிவிட்டேன். பாழடைந்த கோயிலின் முற்றத்தில் ஹன்பெய் என்றொரு சாகாவரம் பெற்றவர் இருக்கிறார். எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து நின்று பயிற்சி கொடுப்பார். அவரிடம் பத்துக்குப் பத்து மிகிரி வருகிறது. கூரை மேல் வருவதில்லை. காரணம் என் கை பின்னால் இழுத்துக்கொண்டே விலகல் பட்டனை அழுத்தியது. பின்னால் விலகினால் மிகிரி கிடையாது, வயிற்றில் குத்துதான். ஹன்பெய் முன்னால் எனக்குப் பயமில்லை என்பதால் கை முன்னால் போயிருக்கிறது. ஆக 9-ம் அந்தப் பழைய 16-இன் பங்காளிதான். 38-இல் 25 சாவுக்கு ஒரே காரணம்: பின்வாங்கும் கை.

இதற்கு மருந்தாக இரண்டு இரவுகளை ஒதுக்கினேன். ஓர் இரவு குடுவையைத் தொடவே இல்லை. இன்னோர் இரவு அவனை வெட்டவே இல்லை. வெறுமனே முன்னால் நின்று தட்டிக்கொண்டே இருந்தேன். வெல்லும் எண்ணம் இல்லாதபோது அவனைப் பார்க்க நேரம் கிடைத்தது. சுழல் வெட்டுக்கு ஒரு தாளம் இருக்கிறது. பட்டனைப் படபடவென்று அடித்தால் அது தவறும். தட்டித் திருப்புவதற்கான இடைவெளி ஏறத்தாழ 0.2 நொடிதான், கண்டபடி அடிப்பவருக்கு ஆட்டமே அந்த இடைவெளியைச் சுருக்கிவிடுகிறது. இரண்டாவது இரவின் முடிவில் சுழல் வெட்டு பயமுறுத்துவதை நிறுத்திவிட்டது. ஆனாலும் வெற்றி வரவில்லை. அவனுடைய இரண்டாவது உயிரைத் தாண்டவே இல்லை.

புயலும் 71 மில்லி நொடியும்

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த நீர் தென்பெண்ணையில் வந்து, கரையோரம் இருக்கும் மாமனார் வீட்டில் இடுப்பளவு நின்றது. பத்து நாட்கள் ஜெனிச்சிரோவை நினைக்கவே இல்லை. சேறு வாரினோம், பாய், தலையணை, அரிசி மூட்டையெல்லாம் போயிற்று. அந்த வீட்டு டிவி ஊறிப்போனதால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர்தான் பேச்சோடு பேச்சாக, இப்போதைய டிவிகள் படத்தை அழகுபடுத்திவிட்டுத்தான் காட்டும், அதனால் கொஞ்சம் தாமதம் இருக்கும், கேம் ஆடுபவர்கள் அதற்கான அமைப்பைப் போட்டுக்கொள்வார்கள் என்றார்.

டிசம்பர் 9 இரவு அளந்து பார்த்தோம். அக்கா மகன் தன் கைபேசியில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவோட்ட வீடியோவை ஓடவிட்டு, கன்ட்ரோலரும் டிவியும் ஒரே சட்டத்தில் தெரியும்படி பிடித்தான். நான் தடுப்புப் பட்டனை அழுத்தினேன். பிறகு கட்டைவிரல் பட்டனை அமுக்கிய படத்திலிருந்து திரையில் வாள் அசையும் படம் வரை ஒவ்வொன்றாக எண்ணினோம். ஐந்து முறை எடுத்ததில் நடுவில் வந்த எண் 41. டிவியை விளையாட்டு அமைப்புக்கு மாற்றிய பிறகு 24. வித்தியாசம் 17 படங்கள், அதாவது 0.071 நொடி. ஆட்டம் நொடிக்கு 60 படங்களாக ஓடுகிறது என்றால், நான்கு படங்களுக்கு மேல் பின்தங்கிய ஒரு ஜெனிச்சிரோவோடு ஒரு மாதமாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

அன்றிரவே முதன்முறையாக மூன்றாவது உயிரைப் பார்த்தேன். மின்னலில் வெந்து செத்தேன் என்றாலும், மறுநாள் தொழிற்சாலை கேன்டீனில் 71 மில்லி நொடியைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். மூலகாரணம் கிடைத்துவிட்டது, கோப்பை மூடலாம் என்ற நினைப்பு. பத்து நாள் ஓய்வும் டிவி மாற்றமும் ஒரே இரவில் சேர்ந்து வந்திருக்கின்றன, எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பது என்று யோசித்திருக்க வேண்டியவன் நான். பயிற்சியாளர்களுக்கு இதை வகுப்பெடுத்துச் சொல்பவனும் நானே.

டிசம்பர் 14, சனிக்கிழமை. அக்கா மகன் வந்தவன், ஒலி இல்லாமல் ஆடுவதைப் பார்த்து வாய்பிளந்தான். "மாமா, சிவப்பு எழுத்துக்கு முன்னாடியே காது சொல்லிவிடுமே. நீங்கள் கேட்காமலா ஆடினீர்கள்?" அம்மாவின் தூக்கம் பற்றிச் சொன்னேன். அன்று மாலையே லாரன்ஸ் ரோட்டில் ஒரு வயர் இயர்போன் வாங்கினோம், 250 ரூபாய். வயர் இல்லாததை வாங்கவே கூடாது என்று அவன் பிடிவாதமாக நின்றது சரிதான். ப்ளூடூத் இயர்போனில் ஒலியே பிந்தி வரும். டிவியில் செருக இடம் இல்லாததால் இயர்போனை மடிக்கணினியிலேயே செருகினேன். இது தற்செயல்.

ஒலி வந்ததும் இன்னொரு விஷயம் தெரிந்தது. சரியாகத் தட்டித் திருப்பினால் கணீரென்று ஒலிக்கிறது. பிந்திப்போய் வெறும் தடுப்பாக முடிந்தால் மொத்தையான ஓசை. ஒரு மாதமாக இந்தப் பாடத்தை ஒவ்வொரு அடிக்கும் ஆட்டம் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதன் வாயைப் பொத்திவைத்திருந்தேன்.

88

டிசம்பர் 21 இரவு. அன்று ஐந்தாவது சண்டை. முதல் உயிரைக் குடுவை தொடாமல் எடுத்தேன். இரண்டாவதில் அவன் தாவி வெட்டிய பிறகு காதில் அந்த ஒலி. வாள் முனை தெரிந்தது. கை முன்னால் போயிற்று. மிகிரி. சில நொடிகளில் மறுபடி தாவல், மறுபடி ஒலி, இந்த முறை ஆள் தாழ்ந்தான், குதித்து மிதித்தேன். போஸ்சர் பட்டை நிரம்பிச் சிவந்தது. மரண அடி கொடுத்த கையோடு மருந்து குடித்தேன். அவன் விழுந்து எழும் அந்த இடைவெளி ஒன்றுதான் நிம்மதியாகக் குடுவையை எடுக்கக்கூடிய நேரம் என்று டைரி சொல்லியிருந்தது.

மூன்றாவது உயிரில் மின்னல். இதற்கு விடை கொஞ்சம் விசித்திரமானது: மின்னல் நம்மேல் விழும்போது தரையில் கால் இருக்கக்கூடாது. குதித்து, காற்றில் அதை வாங்கி, கால் தரையைத் தொடும் முன் வெட்டுப் பட்டனை அழுத்தினால் அதே மின்னல் அவனுக்கே திரும்பும். முதல் முறை பிந்தினேன். பாதி உயிர் போயிற்று. கை பின்னால் இழுத்தது, அதை உணர்ந்தேன். விலகி இரண்டு அடி வைத்தும்விட்டேன். அம்பு வந்தது, தட்டினேன், உள்ளே ஓடினேன். அடுத்த மின்னல் திரும்பிப் போய் அவனைப் பிடித்து நிறுத்தியது. ஐந்தாறு வெட்டு. பிறகு அவன் வெட்ட, நான் தட்ட, கணீர், கணீர், கணீர். கடைசி அடியை அழுத்தும்போது குடுவையில் ஒரு மிடறு மிச்சம். மணி ஒன்று நாற்பது. டைரியில் '88' என்று எழுதி, காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டேன்.

மறுபரிசோதனை

2020 அக்டோபரில் வந்த இலவசப் புதுப்பிப்பில் ஒரு வசதி சேர்த்திருக்கிறார்கள்: வென்ற பெரிய எதிரிகளோடு மறுபடி மோதலாம். கதையில் ஓரடிகூட முன்னேறாமல், அதே உயிர், அதே குடுவை, அதே வாளோடு, அந்த வாரமே முப்பது சண்டை போட்டேன். பத்து சண்டை எல்லாம் சரியாக இருக்கும்போது: 7 வெற்றி. பத்து சண்டை டிவியைப் பழைய அமைப்புக்கு மாற்றி, ஒலியோடு: 5 வெற்றி. பத்து சண்டை டிவி சரியாக, ஒலி இல்லாமல்: 2 வெற்றி. இயர்போன் வாங்கியது காரணமாக இருக்கும் என்று அக்கா மகன் சொன்னபோது சிரித்தவன் நான்.

பத்துப் பத்தாகப் போட்ட கணக்கை வைத்து ஆணையிட முடியாது. ஆனால் யோசித்தால் பொருந்துகிறது. டிவியின் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும். சுழல் வெட்டைப் போலத் தாளம் தெரிந்த தாக்குதலுக்குக் கை அந்தத் தாமதத்தையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது. அது உண்மையில் கெடுப்பது, குத்தா வீச்சா என்று அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டிய இடங்களை மட்டும். அங்கே முதல் எச்சரிக்கை ஒலி. கண்ணுக்குத் தெரிந்து கை அசைவதைவிடக் காதில் விழுந்து கை அசைவது பொதுவாகவே சற்று விரைவு. என் விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று: இயர்போன் மடிக்கணினியில் செருகியிருந்ததால், ஒலி டிவிக்குள் போகவே இல்லை. டிவி படத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்தபோது எச்சரிக்கை என் காதுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

கேன்டீனில் 71 மில்லி நொடி இன்னமும் என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருத்தம் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கிற மாதிரி இல்லை. டைரியில் 88-க்கு எதிரே இருந்த கோட்டை அடித்துவிட்டு '250 ரூபாய்' என்று எழுதியிருக்கிறேன்.